தேரி மண்ணும் கார்த்திகைப் பூசணமும்: ஸ்வேட், நூபக் ஷூக்களை மீட்கும் வேலை

மேசையில் இரண்டு ஜோடி. முதலாவது மணல் நிற ஸ்வேட் ஷூ, கணுக்கால் உயரம், கிரேப் ரப்பர் அடி. திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மணல் மேடான குதிரைமொழித் தேரியில் நடந்து வந்தது. ஓரத் தையல் முழுக்கச் செம்மண் ஏறியிருக்கிறது. வலது ஷூவின் முன்பகுதியில் ஐந்து ரூபாய் நாணய அளவில் எண்ணெய்க் கறை. இரண்டாவது அடர்பழுப்பு நூபக் வேலை பூட்ஸ். காற்றாலை வேலைக்குப் போட்டுப்போய், ஐப்பசி மழையில் நனைந்து, காயாமலே அட்டைப்பெட்டிக்குள் அடைபட்டது. இப்போது வெள்ளையும் பச்சையுமாகப் பூசணம். கணுக்கால் மடிப்பில் வியர்வை உப்பு கோடு கட்டி நிற்கிறது.

இந்த வகைத் தோலைப் பற்றிக் கிடைக்கும் குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பனியையும், அதைக் கரைக்கச் சாலையில் தூவும் உப்பையும் பற்றித்தான் அவற்றில் பேச்சு. திருநெல்வேலிச் சீமையில் ஷூவைக் கெடுப்பவை வேறு: தேரித் தூசி, கரிசல் சேறு, வியர்வை, உவர்த் தண்ணீர், காற்றோட்டமில்லாத பெட்டி. இவை எல்லாவற்றுக்கும் பொதுவான விதி ஒன்றுதான். காய்ந்த நிலையில் செய்ய முடிகிற அத்தனை வேலையையும் முடித்த பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். கெட்டுப்போய் வரும் ஸ்வேட் ஷூக்களில் பெரும்பங்கு, அழுக்கைப் பார்த்ததும் ஈரத்துணியை எடுத்ததால் கெட்டவை.

ஸ்வேட் என்பது தோலின் உட்பக்கம். ஆட்டுத்தோலின் சதைப்பக்கமோ, மாட்டுத்தோலை இரண்டாகப் பிளந்த கீழ்ப்படலமோ அதற்குப் பயன்படும். இழை நீளமாக, தளர்வாக நிற்கும். நூபக் என்பது பெரும்பாலும் மாட்டுத்தோலின் மேற்பரப்பையே நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து எடுப்பது. இழை மிகக் குட்டை. உற்றுப் பார்த்தால் மயிர்த்துளைகள் தெரியும். நகத்தால் மெல்லக் கோடிழுத்தால் இரண்டிலும் தடம் விழும். நூபக்கில் அது மெல்லிய கோடாக இருக்கும், ஸ்வேடில் இழை ஒரு பக்கமாகச் சாய்ந்து அகலமான பட்டையாகத் தெரியும். வெட்டிய ஓரத்தில் நெசவுத்துணி எட்டிப்பார்த்தால் அது செயற்கைத் துணி, தோல் இல்லை. அதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. மென்சோப்பு நீரில் துடைத்தாலே போதும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஷூ மேல்தோலுக்குப் பதப்படுத்துவது பெரும்பாலும் குரோமியத்தால்தான். அப்படிப் பதமான தோல் லேசான அமிலத்தன்மையோடு இருக்கும். பிஎச் 4-ஐ ஒட்டி. துணிசோப்பும் சலவைத்தூளும் 9, 10 என்று காரப்பக்கம் நிற்பவை. தோலுக்குள் சாயத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்த அமில நிலைதான் என்பதால், சோப்பு பட்டதும் சாயம் இளகிக் கழன்று வரும். இழைகளுக்கிடையே தொழிற்சாலையில் ஏற்றிய கொழுப்பும் கூடவே போகும். கொழுப்பு போன இழைகள் காயும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தோல் அப்பளம்போல் விறைப்பது அதனால்தான்.

வேலையைத் தொடங்குமுன் அடிப்பாகத்தைச் சோதியுங்கள். வேலை பூட்ஸ்களில் பெரும்பாலும் பாலியூரித்தேன் அடி இருக்கும். ஈரக்காற்று அதைச் சிறிது சிறிதாகச் சிதைக்கும். நடந்தாலும் சரி, பெட்டியில் சும்மா கிடந்தாலும் சரி. கட்டைவிரலால் அழுத்தும்போது பொடியாக உதிர்ந்தாலோ பிசுபிசுத்தாலோ, மேல்தோலில் எவ்வளவு உழைத்தும் பயனில்லை. முதலில் அடி மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும். மேசையில் இருக்கும் நூபக் பூட்ஸின் அடி உறுதியாக இருக்கிறது. ஸ்வேட் ஷூவுக்கு இயற்கை ரப்பரில் செய்த கிரேப் அடி. அதில் பெட்ரோலோ எண்ணெயோ பட்டால் இளகிப் பிசினாகும் என்பதைக் கறை எடுக்கும்போது நினைவில் வைக்க வேண்டும்.

கருவிகள்

ஷூ கடையில் கிடைக்கும் ஸ்வேட் பிரஷ் ஒன்று வாங்குங்கள்: ஒரு பக்கம் மெல்லிய பித்தளைக் கம்பி, மறுபக்கம் ரப்பர் பற்கள். கம்பிப்பக்கம் ஸ்வேடுக்கு மட்டும். நூபக்கில் பட்டால் கீறல் நிலைத்துவிடும். மென்மையான பழைய டூத் பிரஷ் இரண்டு. தூசி உதறக் குதிரைமயிர் பிரஷ். வெள்ளை ரப்பர் அழிப்பான். கலர் ரப்பரும் வாசனை ரப்பரும் வேண்டாம், சாயம் ஏறும். பெயின்ட் கடையில் 400, 600, 800 எண் உப்புத்தாள் ஒவ்வொன்று. மெடிக்கலில் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். நாட்டுமருந்துக் கடையில் முல்தானி மிட்டி, மளிகைக் கடையில் கார்ன்ஃப்ளோர். நிறம் போகாத வெள்ளைப் பருத்தித்துணி. பழைய வேட்டி கிழித்தது இதற்கு மிக நல்லது.

பனந்தும்பு பிரஷ் நம் பக்கம் எந்த வீட்டிலும் கிடைக்கும். அதை அடிப்பாகத்துக்கு மட்டும் வையுங்கள். தும்பு மிக விறைப்பானது. மேல்தோலில் இழுத்தால் இழையைப் பிய்த்துவிடும்.

தண்ணீரும் ஒரு கருவிதான். உடன்குடி, திசையன்விளைப் பக்கம் பல கிணறுகளும் போர்களும் உவர்ப்பு. அந்தத் தண்ணீரைத் தொட்டுத் துடைத்தால், காய்ந்ததும் தண்ணீர் நின்ற எல்லை வரை வெள்ளைக் கோடு விழும். கறையை எடுக்கப்போய்ப் புதுக் கறை வைத்தது மாதிரி ஆகிவிடும். கேன் தண்ணீர் எடுங்கள். ஒரு ஜோடிக்கு ஒரு லிட்டர் போதும்.

ஸ்வேட் ஜோடி: செம்மண்

தேரி மணல் என்பது இரும்பு ஆக்சைடு பூசிய மணல். பெருமணி தானாக உதிர்ந்துவிடும். தொல்லை தருவது அதோடு வரும் செந்தூள். பொடி காய்ந்திருக்கும்வரை இழைகளுக்கிடையே சும்மா உட்கார்ந்திருக்கும். ஈரம் பட்டால் குழைந்து இழையைச் சுற்றிப் பூசிக்கொள்ளும். பிறகு அது மண்ணில்லை, சாயம். ஆகவே இந்த ஜோடிக்கு முதல் கட்டத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் கிடையாது.

கயிற்றையும் உள்பட்டையையும் (இன்சோல்) கழற்றி, இரண்டு ஷூவையும் அடியோடு அடி சேர்த்துத் தட்டி உதறியது முதல் வேலை. அடுத்து, ஷூவுக்குள் வெள்ளைத்தாளை இறுக்கமாகத் திணித்தோம். உள்ளே தாங்கல் இல்லாமல் பிரஷ் போட்டால் தோல் குழிந்து, மடிப்பின் உச்சியில் மட்டும் இழை தேயும். வெளிர் நிற ஷூவுக்குச் செய்தித்தாள் வேண்டாம். சற்று ஈரமிருந்தாலும் மை ஏறிவிடும்.

குதிரைமயிர் பிரஷால் மேலிருந்து கீழாக, ஒரே திசையில், தூசியை ஓட்டுவது. ஆரம்பத்திலேயே முன்னும்பின்னும் தேய்த்தால் பொடி இன்னும் ஆழம் இறங்கும். வீட்டில் வேக்குவம் கிளீனர் இருந்தால், மெல்லிய இழுப்பில் வைத்துப் பிரஷ் போகும் இடத்துக்குப் பின்னாலேயே கொண்டுபோகலாம். செம்மண்ணுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. ஊதுகுழல், சைக்கிள் பம்பு போன்றவை பொடியைத் தோலுக்குள்ளேயே தள்ளும்.

தையல் ஓரத்துக்கு டூத் பிரஷ். தையலின் குறுக்கே இல்லாமல் அதன் போக்கிலேயே ஓட்ட வேண்டும். பொறுமையாகச் செய்தால் தையலிலிருந்து வரும் மண்ணே ஒரு தேக்கரண்டி தேறும். பிறகுதான் பித்தளைக் கம்பிப் பக்கம்: கையின் கனம் மட்டும் போதும், அழுத்தம் வேண்டாம். முன்னும்பின்னும் சிறுசிறு வீச்சாக ஓட்டினால் படுத்த இழை எழும்பி, அடியில் ஒளிந்த மண் வெளியே வரும். மீதமிருக்கும் இளஞ்சிவப்புச் சாயலை வெள்ளை அழிப்பானால் ஒரே திசையில் தேய்த்து, துகளைத் துலக்கிவிடலாம். அழிப்பானின் முகம் சிவந்ததும் கத்தியால் சீவிப் புதுமுகம் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த மண்ணையே திரும்பப் பூசுவோம்.

கோவில்பட்டி, ஓட்டப்பிடாரம், சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் சேற்றுக்கு முறை சற்று மாறும். கரிசல் ஈரத்தில் உப்பி ஒட்டும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அந்தக் குணத்தையே நமக்குச் சாதகமாக்கிக்கொள்ள வேண்டும். சேற்றோடு வந்த ஷூவைத் தொடாமல் நிழலில் முழுதாகக் காயவிடுங்கள். வெடித்த பிறகு விரலால் உதிர்த்தால் கட்டிகட்டியாகக் கழன்று வரும்.

எண்ணெய்க் கறை

கறை புதிதாக இருந்தால் டிஷ்யூ தாளை மேலே ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். பிறகு கார்ன்ஃப்ளோரை மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்துக்குக் குவித்து, எட்டு முதல் பன்னிரண்டு மணிநேரம் விடுங்கள். காலையில் துலக்கி, மாவு இன்னும் மஞ்சளாகக் கட்டியிருந்தால் புது மாவு போட வேண்டும். மாவு வெள்ளையாகவே உதிரும்வரை இதைத் திரும்பச் செய்யலாம்.

நம் ஊருக்கே உரிய கறை ஒன்று உண்டு. இலையில் வாங்கிய சூடான அல்வாவிலிருந்து ஒழுகும் நெய். நெய் ஏறக்குறைய 35 டிகிரிக்குக் கீழே உறையத் தொடங்கும். மார்கழிக் காலையில் மாவு போட்டால், உறைந்த நெய் மாவுக்குள் ஏறாது. மத்தியானச் சூட்டில், நிழலில் வைத்துப் போடுங்கள்; அல்லது மாவின் மேல் ஒரு டிஷ்யூவை விரித்து, ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு சாண் தூரத்தில் ஒரு நிமிடம் காட்டுங்கள். ஈரமில்லாத தோல் இந்தச் சூட்டைத் தாங்கும். ஈரத்தோலில் இதைச் செய்யக் கூடாது.

மேசையில் இருக்கும் கறை பழையது. பழைய எண்ணெய்க்கு மாவு மட்டும் போதாது. முல்தானி மிட்டியில் ஒயிட் பெட்ரோல் (வண்டிக்குப் போடும் பெட்ரோல் இல்லை, கறை எடுக்கும் நிறமற்ற கரைப்பான்) விட்டு இட்லிமாவுப் பதத்தில் குழைத்து, கறையைத் தாண்டி ஒரு சென்டிமீட்டர் வரை, வெளி ஓரம் மெலிந்துபோகும்படி பூசினோம். ஓரத்தை மெலிக்காமல் வெட்டினாற்போல் விட்டால், காய்ந்ததும் அந்த எல்லையில் வட்டம் விழும். மேலே தாள் மூடி, முழுதாகக் காய்ந்ததும் துலக்கியாயிற்று. அடர்ந்த கறை மங்கி, சாய்வெளிச்சத்தில் மட்டும் தெரியும் அளவுக்கு வந்தது. இரண்டாம் பூச்சில் இன்னும் குறையும். ஆனால் இந்த வேலை திறந்தவெளியில், அடுப்பும் பீடியும் இல்லாத இடத்தில்தான். கிரேப் அடியைச் சுற்றி டேப் ஒட்டியே செய்ய வேண்டும். அடர்நிற ஸ்வேடுக்கு முல்தானி மிட்டியைத் தவிர்ப்பது நல்லது. அதன் வெளிர்ப்பொடி இழைக்குள் தங்கி, ஷூ நரைத்தாற்போல் தெரியும்.

குழம்புக் கறையில் மஞ்சள் இருக்கிறது. சோப்பு பட்டால் மஞ்சள் சிவப்பாகும், கவனம். முதலில் மாவு போட்டு எண்ணெயை எடுத்த பிறகு, ஆல்கஹால் தொட்ட பஞ்சுக்குச்சியால் ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றுங்கள். எஞ்சும் மஞ்சளை வெயில் வெளுக்கவைக்கும். கறை அளவுக்கு ஓட்டை போட்ட அட்டையால் மற்ற இடத்தை மறைத்து, காலை வெயிலில் கொஞ்சநேரம் காட்டினால் போதும். மறைக்காவிட்டால் ஷூவின் நிறமே வெளுக்கும். பேனா மைக்கும் இதே ஆல்கஹால்தான். ஆனால் அது ஷூவின் சாயத்தையும் தொடும் என்பதால், எப்போதும் முதலில் நாக்குப்பகுதியின் உட்புறத்தில் தொட்டு, காய்ந்தபின் நிறத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நூபக் ஜோடி: பூசணம்

பூசணத்தை வீட்டுக்குள் துலக்காதீர்கள். வித்து பறந்து பக்கத்து ஷூவிலும் பெட்டியிலும் உட்காரும். மாஸ்க் போட்டுக்கொண்டு, முற்றத்தில், காற்று நம்மைத் தாண்டிப் போகும்படி நின்று மென்பிரஷால் ஓட்ட வேண்டும். அந்தப் பிரஷை உடனே கழுவி வெயிலில் காயவையுங்கள். பூட்ஸையும் காலை இளவெயிலில் அரைமணி வைத்து எடுத்தோம்.

பிறகு ஆல்கஹாலும் கேன் தண்ணீரும் சமபங்கு. வெள்ளைத்துணியை நனைத்துப் பிழிந்து, ஈரம் சொட்டாத பதத்தில், ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை முழுப்பகுதியையும் ஒரே சீராகத் துடைப்பது. பூசணம் இருந்த புள்ளியை மட்டும் துடைத்தால் ஈரத்தின் எல்லை கோடாக நிற்கும். உள்பக்கத் துணியையும் உள்பட்டைக்கு அடியையும் விடக் கூடாது. பூசணம் திரும்ப வருவது பெரும்பாலும் அங்கிருந்துதான். பழைய உள்பட்டையில் பூசணம் ஊறியிருந்தால் அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிது போடுங்கள்.

வியர்வை உப்புக் கோட்டுக்கு: வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு. துணியால் ஒற்றி, உப்பு கரைந்து துணிக்கு ஏறுவதற்கு ஒரு நிமிடம் கொடுத்து, வெறும் தண்ணீர்த் துணியால் மறுபடி ஒற்ற வேண்டும். வினிகரும் அமிலம், தோலும் அமிலப்பக்கம். அதனால் சோப்பைப்போல் தோலைக் குலைக்காது. வாடை காய்ந்ததும் போய்விடும். இந்த உப்பை எடுக்காமல் விட்டால் அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பூசணம் அந்த மடிப்பிலேயே மறுபடி பிடிக்கும். தூத்துக்குடி உப்பளப் பக்கம் போய்வந்த ஷூவுக்கும் இதே வேலைதான்.

முழுக்கக் கழுவித்தான் ஆக வேண்டும் என்ற நிலை எப்போதாவது வரும். அப்போதும் முக்கி எடுக்கக் கூடாது. ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஸ்வேட் ஷாம்பு, கிடைக்காவிட்டால் பேபி ஷாம்பு ஒரு தேக்கரண்டி. நன்றாக நுரைத்து, நுரையை மட்டும் ஸ்பாஞ்சில் எடுத்து ஷூ முழுக்க ஒரே சீராகப் பூசி, ஈரத்துணியால் நுரை போகும்வரை துடைக்க வேண்டும்.

காயவைப்பதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். “வெயில்ல வச்சா சட்டுன்னு காஞ்சிரும்லா” என்பார்கள். காயும், உண்மைதான், ஆனால் மேற்பரப்பு முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நிற்க, தோல் முறுக்கிக்கொள்ளும், நிறமும் திட்டுத்திட்டாகும். தாள் திணித்து, நிழலில், மின்விசிறிக் காற்றில் 24 மணிநேரம். முதல் சில மணிநேரத்தில் தாளை இரண்டு தடவை மாற்றுங்கள். முக்கால்வாசி காய்ந்திருக்கும்போது பூட்ஸைக் கையால் முன்னும்பின்னும் வளைத்து, ரப்பர் பற்களால் லேசாகத் துலக்குவதை மறக்கக் கூடாது. ஒட்டத்தொடங்கும் இழைகள் பிரிவது அந்த நேரத்தில்தான். முழுக்க விறைத்த பிறகு செய்தால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

இழையை எழுப்புதல்

முனையிலும் குதிகாலிலும் பளபளவென்று வழுக்கையாகத் தெரியும் இடங்களில் இழை படுத்து ஒட்டியிருக்கும். முதலில் ஆவி. கெட்டிலின் மூக்கிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி, ஐந்து பத்து நொடி. தோல் நனையக் கூடாது, ஆவி படர்ந்தால் போதும். உடனே பிரஷ். ஸ்வேடில் இதற்கே பெரும்பாலும் எழும்பிவிடும். எழும்பாத இடத்தில் 400 எண் உப்புத்தாளால், நன்றாகக் காய்ந்த பிறகு, இரண்டு மூன்று மெல்லிய இழுப்பு. நூபக்கில் 800-இல் தொடங்கி, தேவைப்பட்டால் மட்டும் 600. நூபக்கின் இழை அவ்வளவு குட்டை; தேய்த்துத் தீர்த்துவிட்டால் அடியில் எழுப்ப இழையே இருக்காது.

எண்ணெய் ஏற்றிய நூபக் என்று ஒரு வகை உண்டு. விரலால் அழுத்தினால் நிறம் வெளிறி, விட்டதும் திரும்பும். அதில் மாவு போட்டால் ஏற்றிய எண்ணெயையே உறிஞ்சிவிடும், உப்புத்தாளும் வேண்டாம். அழிப்பானும் மென்பிரஷும் மட்டும் போதும்.

சாயம் மங்கிய ஷூவுக்கு ஸ்வேட் கலர் ஸ்பிரே உண்டு. சாதா ஷூ பாலிஷை, மெழுகானாலும் கிரீமானாலும், இந்த இரண்டு தோலிலும் பூசவே கூடாது. மெழுகு இழையைச் சேர்த்து ஒட்டும். பிறகு எந்தப் பிரஷாலும் பிரிக்க முடியாது.

நீர்தடுப்பும் வைப்பும்

சுத்தமாகி, முழுதாகக் காய்ந்து, இழை எழும்பிய பிறகே நீர்தடுப்பு ஸ்பிரே. அழுக்கின் மேல் அடித்தால் அழுக்கும் சேர்ந்து பூட்டப்படும். 20 சென்டிமீட்டர் தூரத்தில் மெல்லிய பூச்சு ஒன்று, அரைமணி கழித்து இன்னொன்று, பிறகு ஒருநாள் ஆறவிடுதல். கனமாக ஒரே பூச்சாக அடித்தால் திட்டு விழும். இந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல். அறைக்குள் அடிக்கக் கூடாது, வெளியே நின்று காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு அடியுங்கள். ஆடிக் காற்றில் பாதி மருந்து பறந்துபோகும் என்பதால் காற்று எழுமுன், விடிகாலையில் முடிப்பது நல்லது. ஸ்பிரே ஷூவை மழைத்தூறலுக்கும் சிந்தும் காப்பிக்கும்தான் காக்கும். குற்றாலம், செங்கோட்டைப் பக்கம் சாரல் நாள் முழுக்க விழும் ஆனி, ஆடியில் இந்த ஷூவை வீட்டில் விட்டுப் போவதே சரி. அடிக்கடி போடுகிற ஜோடிக்கு மாதம் ஒருமுறை. அதற்கு இடையிலும், தண்ணீர்ச் சொட்டு உருளாமல் ஊறத் தொடங்கினால் மறுபூச்சு.

ஒரே ஜோடியைத் தினமும் போடக் கூடாது. வியர்வை காய ஒருநாள் இடைவெளி வேண்டும். எடுத்து வைப்பது துணிப்பையில், தரையிலிருந்து உயர்ந்த தட்டில். பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளேயே பிடித்து வைக்கும். ரசகற்பூர உருண்டை பூச்சிக்குத்தான், பூசணத்தைத் தடுக்காது. ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடலாம். ஆரஞ்சு நிறம் பச்சையாகிவிட்டால் அது நிறைந்துவிட்டது. சமையலுக்குப் பயன்படாத தனிச் சட்டியில், சிறுதீயில், நிறம் திரும்பும்வரை சூடாக்கினால் மறுபடி பயன்படும். நீலநிற வகையில் கோபால்ட் உப்பு இருப்பதால் அதை வாங்காமலிருப்பதே நல்லது. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை வாரம் ஒருநாள் பையைத் திறந்து, ஷூவின் உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்றைக்கே மின்விசிறிக் காற்றில் வையுங்கள்.